எண்ணியதும் எண்ணாததும்: பெருந்தொற்று ஒப்பீடுகளும் புள்ளிவிவரங்கள் மீதான ஐயமும்

2021 மே 31 அன்று பெரு நாட்டு அரசு தன் கொரோனா இறப்புக் கணக்கைத் திருத்தி வெளியிட்டது. அதுவரை 69,342 என்றிருந்த எண்ணிக்கை 1,80,764 ஆனது. மக்கள்தொகை விகிதப்படி உலகிலேயே மிக அதிக இறப்பு நேர்ந்த நாடு என்ற இடத்துக்குப் பெரு ஒரே நாளில் வந்து சேர்ந்தது. அந்த நாளில் நோய் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. இறந்தவர்கள் ஏற்கெனவே இறந்திருந்தார்கள், அவர்களுக்கான சடங்குகளும் முடிந்திருந்தன. மாறியது வரையறை மட்டுமே. பரிசோதனையில் தொற்று உறுதியானவர்களையே பெரும்பாலும் எண்ணிவந்த அரசு, நோய்க்குறிகள், நுரையீரல் படம், தொற்றாளருடன் இருந்த தொடர்பு, இறப்புச் சான்றிதழில் மருத்துவர் எழுதிய காரணம் ஆகியவற்றையும் சான்றாக ஏற்றுக்கொண்டது.

மே 30 அன்று ஒருவர் பெருவையும் பெல்ஜியத்தையும் அருகருகே வைத்து ஒரு முடிவுக்கு வந்திருந்தால், அடுத்த நாளே அந்த முடிவு பொய்த்திருக்கும். அப்படியானால், இரண்டு ஆண்டுகள் நாம் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்த நாட்டுவாரி வரைபடங்கள் எதை ஒப்பிட்டன? அவற்றின் மீது மக்களுக்கு எழுந்த ஐயம் அறியாமையால் விளைந்ததா, அல்லது அதற்கு நியாயம் இருந்ததா? இக்கட்டுரை இந்த இரு கேள்விகளையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் ஒரே வேர் என்பது என் கருத்து.

1. வரைபடம் வீட்டுக்குள் வந்த கதை

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் லாரன் கார்ட்னரும் அவரது மாணவர் என்ஷெங் டோங்கும் உருவாக்கிய இணையப் பலகை 2020 ஜனவரி 22 அன்று வெளியானது. கறுப்புப் பின்னணியில் சிவப்பு வட்டங்கள் பெருகிக்கொண்டே போன அந்தப் படத்தை அறியாதவர் குறைவு. 2023 மார்ச் 10 வரை அது இயங்கியது. ஒரு தொற்றுநோய் உலகெங்கும் பரவுவதை அனேகமாக உடனுக்குடன் எல்லோரும் பார்க்க முடிந்தது வரலாற்றில் அதுவே முதல்முறை. அதைக் குறைத்து மதிப்பிட நான் விரும்பவில்லை. ஆனால் அந்தப் பலகை நாடுகளின் பெயர்களை எண்களின் வரிசையில் அடுக்கியது. வரிசை என்று வந்துவிட்டால் அதைப் பந்தயமாகவும் மதிப்பெண் பட்டியலாகவும் படிக்கும் பழக்கம் நமக்குப் பள்ளியிலேயே ஊட்டப்பட்டிருக்கிறது.

அடுத்து வந்தவை கோட்டு வரைபடங்கள். நூறாவது தொற்று பதிவான நாளை எல்லா நாடுகளுக்கும் தொடக்கமாக வைத்து, மடக்கை அளவுகோலில் வரையப்பட்ட கோடுகளை நாளிதழ்கள் வெளியிட்டன. நோய் எத்தனை நாளில் இரட்டிக்கிறது என்பதைக் காட்ட மடக்கை அளவுகோல் பொருத்தமானது. ஆனால் அதில் ஆயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் இடையிலுள்ள தூரம், பத்தாயிரத்துக்கும் லட்சத்துக்கும் இடையிலுள்ள தூரத்துக்குச் சமம். லண்டன் பொருளியல் பள்ளி ஆய்வாளர்கள் 2020இல் அமெரிக்கர்களிடம் நடத்திய சோதனையில், சாதாரண அளவுகோலில் வரைந்த படத்தைப் பார்த்து எளிய கேள்வி ஒன்றுக்குச் சரியாக விடை சொன்னவர்கள் சுமார் 84 சதவீதம். அதே தரவை மடக்கை அளவுகோலில் பார்த்தவர்களில் சுமார் 41 சதவீதத்தினரே சரியாகச் சொன்னார்கள். எண்களில் பிழை ஏதும் இல்லாதபோதும், அவை வரையப்பட்ட முறையே பாதிப் பேரைத் திசைமாற்றியது.

2. தொற்று எண்ணிக்கை எதை அளந்தது?

‘இன்று தொற்று உறுதியானவர்கள்’ என்று மாலைதோறும் வெளியான எண், தொற்றியவர்களின் எண்ணிக்கை அன்று. பரிசோதனைக்கு வந்தவர்களில், அந்தப் பரிசோதனை கண்டுபிடித்தவர்களில், அன்றைக்குள் கணக்கில் ஏறியவர்களின் எண்ணிக்கை அது. இந்த மூன்று சல்லடைகளும் நாட்டுக்கு நாடு வேறானவை. ஒரே நாட்டிலும் வாரத்துக்கு வாரம் மாறியவை.

சீனாவின் ஹூபேய் மாகாணம் 2020 பிப்ரவரி நடுவில் ஒரே நாளில் 15,000 அளவிலான புதிய தொற்றுகளை அறிவித்தது. ஆய்வகச் சோதனை இன்றி, நுரையீரல் படத்தை வைத்து மருத்துவர்கள் கண்டறிந்தவர்களையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியதே காரணம். துருக்கியில் நிலைமை வேறு. நோய்க்குறி உள்ளவர்களை மட்டுமே ‘நோயாளிகள்’ என்று எண்ணுகிறோம் என அந்நாட்டுச் சுகாதார அமைச்சர் 2020 செப்டம்பர் இறுதியில் ஒப்புக்கொண்டார். நவம்பர் 25இல் தொற்றிய அனைவரையும் எண்ணத் தொடங்கியதும் ஏழாயிரம் அளவில் இருந்த நாளெண்ணிக்கை 28,000ஐத் தாண்டியது. இடைப்பட்ட மாதங்களில் துருக்கியின் கோட்டை அண்டை நாடுகளின் கோடுகளோடு வைத்து ‘சிறப்பாகக் கையாண்ட நாடு’ என்று எழுதியவர்கள் உண்மையில் ஒப்பிட்டது இரண்டு அகராதிகளை.

இந்தியாவுக்குள்ளேயே இந்தச் சிக்கல் இருந்தது. 2020இல் தமிழ்நாடு பெரிதும் ஆர்டி-பிசிஆர் முறையையே நம்பியிருந்தது. பிகார், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்கள் விரைவு ஆன்டிஜென் சோதனைகளைப் பெருமளவில் செய்தன. ஆன்டிஜென் சோதனை விரைவானது, மலிவானது. ஆனால் தொற்றுள்ள பலரைத் தவறவிடக்கூடியது. இரு மாநிலங்கள் ஒரே எண்ணிக்கையில் சோதனை செய்திருந்தாலும் அவற்றின் ‘பாசிட்டிவ்’ விகிதத்தை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது.

எவ்வளவு தவறியது என்பதற்கு எதிர்பொருள் ஆய்வுகள் ஒரு விடை தந்தன. பொதுவழக்கில் சீரோ சர்வே எனப்பட்டவை இவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 மே–ஜூனில் நடத்திய முதல் தேசிய ஆய்வு, வயதுவந்தோரில் 0.73 சதவீதம் பேருக்குத் தொற்று வந்துபோயிருந்ததாக மதிப்பிட்டது. கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் அது 64 லட்சம் பேரைக் குறித்தது. கண்டறியப்பட்ட ஒவ்வொருவருக்கும் எண்பதுக்கு மேற்பட்டோர் கணக்குக்கு வெளியே இருந்தார்கள். தமிழ்நாட்டில் அதே ஆண்டு அக்டோபர்–நவம்பரில் நடந்த ஆய்வில் 31.6 சதவீதத்தினருக்கு எதிர்பொருள் காணப்பட்டது. இது இரண்டேகால் கோடிப் பேருக்குச் சமம். அப்போது அரசின் செய்திக்குறிப்பில் மொத்தத் தொற்று ஏழு லட்சத்தைத்தான் கடந்திருந்தது.

கேரளத்தின் கதையை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். 2021 ஜூலை–ஆகஸ்டில் நாட்டின் அன்றாடத் தொற்றுகளில் ஏறத்தாழப் பாதி கேரளத்தில் பதிவானது. ‘கேரள மாதிரி’ தோற்றுவிட்டது என்று தொலைக்காட்சி விவாதங்கள் முழங்கின. ஏறக்குறைய அதே காலத்தில் நடந்த நான்காவது தேசிய எதிர்பொருள் ஆய்வில் கேரளத்தின் விகிதம் 44.4 சதவீதம்; ஆய்வு செய்யப்பட்ட மாநிலங்களில் அதுவே மிகக் குறைவு. மத்தியப் பிரதேசத்தில் அது 79 சதவீதம். அதாவது, செய்தியில் ‘கட்டுக்குள் வந்துவிட்ட’ மாநிலத்தில் ஐந்தில் நால்வருக்கு எதிர்பொருள் இருந்தது. ‘கைமீறிப்போன’ மாநிலத்தில் பாதிக்கும் மேற்பட்டோர் அதுவரை தப்பியிருந்தார்கள். அவர்களுக்கு இனிமேல்தான் தொற்றக்கூடும் என்பதாலும், தொற்றியவர்களில் மற்ற மாநிலங்களைவிடக் கூடுதல் பங்கினரைக் கேரளம் கண்டுபிடித்ததாலும் அந்த எண் உயர்ந்தது. இதை வைத்துக் கேரளத்துக்கு முழு நற்சான்றிதழ் வழங்கிவிடவும் முடியாது. விடுபட்ட பல்லாயிரம் இறப்புகளை அம்மாநிலம் பின்னர் தவணை தவணையாகச் சேர்க்க வேண்டியிருந்தது. தொற்றை நன்றாக எண்ணிய ஓர் அரசு இறப்பை உடனுக்குடன் எண்ணத் தவறலாம். ஒரே நிர்வாகத்துக்குள் இரண்டு எந்திரங்கள் இரு வேகத்தில் ஓடுகின்றன.

3. இத்தாலியும் சீனாவும்: சரியான எண்களின் தவறான சொல்

எண்களில் பிழையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் ஒப்பீடு ஏமாற்றக்கூடும். 2020 மார்ச் தொடக்கத்தில் இத்தாலியில் தொற்று உறுதியானவர்களில் இறந்தோர் 4.3 சதவீதம். சீனாவின் பிப்ரவரிக் கணக்கில் அது 2.3 சதவீதம். இத்தாலிய மருத்துவமனைகள் தடுமாறுகின்றன, அங்கே வைரஸ் கொடியதாக மாறிவிட்டது என்று அதற்கு விளக்கங்கள் பிறந்தன. பின்னர் ஆய்வாளர்கள் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, பத்து பத்து ஆண்டுகளாகப் பகுத்த எல்லா வயதுப் பிரிவுகளிலும் இத்தாலியின் விகிதமே சீனாவினதைவிடக் குறைவாக இருந்தது.

ஒவ்வொரு பிரிவிலும் குறைவு, மொத்தத்தில் மட்டும் அதிகம். புள்ளியியலில் சிம்சன் முரண் என்று பெயர்பெற்ற நிலை இது. இத்தாலியில் தொற்று உறுதியானவர்களில் முதியவர்களின் பங்கு மிக அதிகம். முதியவர்கள் எங்கும் அதிகமாக இறக்கிறார்கள். அவர்கள் கூடுதலாக இருக்கும் கூட்டத்தின் சராசரி தானாகவே உயர்கிறது. எந்த அரசும் எதையும் மறைக்கவில்லை, எந்தக் கூட்டலிலும் தவறில்லை. இருந்தும், அந்த இரண்டு எண்களை அருகருகே வைத்த கணத்தில் ஒரு பொய் பிறந்துவிடுகிறது.

புள்ளிவிவரத்தின் மீதான ஐயத்தைப் பேசுவோர் பெரும்பாலும் ‘எண் உண்மையா?’ என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். இந்த எடுத்துக்காட்டு, ‘எந்தக் கேள்விக்கு இந்த எண் விடை?’ என்பதையும் சேர்த்துக் கேட்கச் சொல்கிறது.

4. இறந்தவர் யார் கணக்கில்?

தொற்றை விட்டுவிடுவோம், இறப்பை மறைக்க முடியாதே என்று பலர் நம்பினார்கள். இறப்பை மறைப்பது கடினம்தான். ஆனால் இறப்பின் காரணம் ஒரு தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை ஒவ்வொரு நாடும் வேறு விதியின்படி எழுதியது.

பெல்ஜியம் முதியோர் இல்லங்களில் நேர்ந்த இறப்புகளையும், சோதனை செய்யப்படாவிட்டாலும் மருத்துவர் கொரோனா என ஐயுற்றால், தொடக்கத்திலிருந்தே எண்ணியது. விளைவாக 2020 வசந்தகாலத்தில் மக்கள்தொகை விகிதப்படி உலகின் மிக மோசமான நாடுகளில் முதலிடத்தில் நின்றது. பின்னர் வழக்கமான ஆண்டுகளோடு மொத்த இறப்புகளை ஒப்பிட்டபோது பெல்ஜியத்தின் அறிவிப்பும் உண்மையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. கணக்கு ஒழுங்காக எழுதியதற்குக் கிடைத்த பரிசு, உலகப் பட்டியலில் அவப்பெயர்.

இங்கிலாந்து எதிர்த்திசையில் தவறியது. ஒருமுறை தொற்று உறுதியான எவரும் எத்தனை மாதம் கழித்து எதனால் இறந்தாலும் கொரோனா இறப்பாகவே அங்கே பதிவானார்கள். 2020 ஆகஸ்டில் ‘உறுதியான 28 நாட்களுக்குள்’ என்ற வரம்பு விதிக்கப்பட்டு, பிரிட்டனின் மொத்தத்திலிருந்து 5,377 இறப்புகள் கழிக்கப்பட்டன. அதே ஆண்டு அக்டோபர் தொடக்கத்தில் 15,841 தொற்றுகள் கணக்கில் ஏறாமல் போனது தெரியவந்தது. பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் வரிசைகளுக்கு இருந்த எல்லையே காரணம். அந்தப் பிழையால் தொற்றாளரோடு பழகியவர்களுக்குத் தகவல் போவது தாமதமானது. ஆயினும் இரண்டையும் அரசே வெளியே சொன்னது.

தான்சானியா அப்படிச் சொல்லவில்லை. 2020 மே மாதத்தில் 509 தொற்று, 21 இறப்பு என்ற நிலையில் அந்நாடு எண்ணிக்கை வெளியிடுவதையே நிறுத்திக்கொண்டது. ஓராண்டுக்கும் மேலாக உலகப் பலகையில் அந்த இரு எண்கள் அசையாமல் நின்றன. பட்டியலாக மட்டும் படித்தவருக்குத் தான்சானியா மிகச் சிறந்த நாடுகளில் ஒன்று.

இது புதிய அநீதியன்று. 1918ஆம் ஆண்டின் பெருங்காய்ச்சலுக்கு ‘ஸ்பானிஷ் ஃப்ளூ’ என்ற பெயர் வந்தது ஸ்பெயினில் அது தோன்றியதால் அல்ல. முதல் உலகப்போரில் ஈடுபட்ட நாடுகள் செய்தித் தணிக்கையால் நோயை மறைத்தன. நடுநிலை வகித்த ஸ்பெயினின் இதழ்கள் எழுதின. எழுதியவர் பெயரிலேயே நோய் நின்றுவிட்டது. நூறாண்டு கழித்து 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்க அறிவியலாளர்கள் ஒமிக்ரான் திரிபைக் கண்டறிந்து உலகத்துக்கு அறிவித்தார்கள். ஓரிரு நாட்களில் அவர்கள் நாட்டு விமானங்களுக்குப் பல நாடுகள் கதவடைத்தன. உண்மையைச் சொன்னவரைத் தண்டிக்கும் ஒப்பீட்டு முறை, அடுத்த முறை மறைக்கும்படி எல்லோருக்கும் கற்றுக்கொடுக்கிறது. நாட்டுவாரிப் பட்டியல்கள் மீது எனக்குள்ள மிகப் பெரிய மனக்குறை இதுவே.

5. ஐயத்தின் இரண்டு ஊற்றுகள்

‘மக்கள் புள்ளிவிவரங்களை நம்புவதில்லை’ என்று பொதுவாகச் சொல்கிறோம். அந்த அவநம்பிக்கை ஒன்றல்ல, இரண்டு. எல்லாம் மிகைப்படுத்தப்பட்டது, சாதாரணச் சளிக்காய்ச்சலைப் பூதமாக்குகிறார்கள் என்பது ஒன்று. எங்கள் வீட்டில் இறந்தவர் இந்தக் கணக்கில் இல்லையே என்பது மற்றொன்று. முதலாவது எண் பெரிதென்று ஐயுற்றது, இரண்டாவது சிறிதென்று ஐயுற்றது. அரசுகள் இரண்டையும் ‘வதந்தி’ என்ற ஒரே சொல்லால் ஒதுக்கின. ஆய்வாளர்கள் சிலரும் அறிவியல் அறிவு போதாமை என்று இரண்டையும் ஒரே கூடையில் போட்டார்கள். இந்தப் பார்வையை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டாம் வகை ஐயம் நேரடி அனுபவத்திலிருந்து எழுந்தது. பின்னர் வந்த சான்றுகள் பெரும்பாலும் அதையே மெய்ப்பித்தன.

2021 மே மாதத்தில் தமிழ்நாட்டு நகரங்களில் வாழ்ந்தவர்களுக்கு அந்த அனுபவத்தை விளக்க வேண்டியதில்லை. மருத்துவமனை வாசலில் ஆம்புலன்சுகளின் வரிசை, மின்மயானத்தில் டோக்கன், மாலையில் செய்திக்குறிப்பு. செய்திக்குறிப்பில் வயது, பாலினம், ‘இணைநோய்கள்’ என்ற விவரங்களோடு அன்றைய இறப்புகள். மயானத்தில் நின்றவருக்கும் செய்திக்குறிப்பைப் படித்தவருக்கும் இடையே ஓர் ஊரே காணாமல் போயிருந்தது. சிடி ஸ்கேனில் நுரையீரல் முழுதும் பாதிக்கப்பட்டிருந்தும் பிசிஆர் ‘நெகட்டிவ்’ என்று வந்ததால், சான்றிதழில் வெறும் ‘நிமோனியா’ என்று எழுதப்பட்டவர்கள் எத்தனையோ பேர்.

அந்த ஒரு சொல்லுக்குப் பண மதிப்பும் இருந்தது. உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 30இல் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, கொரோனாவால் இறந்தவரின் குடும்பத்துக்கு ரூ. 50,000 என்று முடிவானது. தொற்று உறுதியான 30 நாட்களுக்குள் நேர்ந்த இறப்பைக் கொரோனா இறப்பாகக் கொள்ளவும் வழிகாட்டுதல் வந்தது. அதன்பின் குஜராத் போன்ற மாநிலங்களில் அரசே ஏற்றுக்கொண்ட இழப்பீட்டு விண்ணப்பங்கள், அதே அரசு அறிவித்திருந்த சுமார் பத்தாயிரம் இறப்புகளைவிடப் பல மடங்கு பெருகின. ஒரே அரசின் இரு கைகள் இரு கணக்கு எழுதின. அப்படியிருக்க, ஐயுற்ற மக்களை அறியாதவர்கள் என்று எப்படிச் சொல்வது?

இலங்கையில் அந்தச் சொல்லின் விலை வேறாக இருந்தது. 2020 ஏப்ரலில் வந்த அரசிதழ் ஆணைப்படி, கொரோனாவால் இறந்தவரின் உடலைக் கட்டாயம் எரிக்க வேண்டும். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் 2021 பிப்ரவரி இறுதிவரை ஆணை மாறவில்லை. முஸ்லிம் குடும்பங்களுக்குச் சான்றிதழில் எழுதப்படும் காரணம், தம் இறந்தவருக்கு மார்க்கப்படி அடக்கம் உண்டா இல்லையா என்பதைத் தீர்மானித்தது. பிறகு கிழக்கில் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய இடம் ஒதுக்கப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. ஒரு வகைப்பாடு இவ்வளவு பெரிய தண்டனையைச் சுமந்துவரும் இடத்தில், அதைப் புள்ளிவிவரமாக மட்டும் மக்கள் பார்ப்பார்கள் என்று எதிர்பார்ப்பது கொடுமை.

இதற்கு மறுபுறமும் உண்டு. சென்னையில் விடுபட்ட 444 இறப்புகளைத் தணிக்கைக் குழு கண்டறிந்து, 2020 ஜூலை 22 அன்று தமிழ்நாடு அரசு அவற்றைச் சேர்த்தது. பாட்னா உயர்நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பின் பிகார் 2021 ஜூனில் 3,951 இறப்புகளைச் சேர்த்து 9,429 என்று அறிவித்தது. இரண்டு நாட்களிலும் தலைப்புச் செய்தி ‘மறைக்கப்பட்ட மரணங்கள்’ என்பதாகவே இருந்தது. மறைப்பும் திருத்தமும் ஒரே வசையைப் பெறுமானால், திருத்த வேண்டிய அதிகாரிக்கு என்ன ஊக்கம் மிஞ்சும்? இதழ்களும் வாசகர்களும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

6. மிகை இறப்பும் ஊர்ப் பதிவேடும்

காரணத்தை விட்டுவிட்டு இறந்தவர்கள் அனைவரையும் எண்ணுவதும், வழக்கமான ஆண்டுகளில் எதிர்பார்க்கக்கூடிய எண்ணிக்கையை அதிலிருந்து கழிப்பதும் மிகை இறப்புக் கணக்கு. பரிசோதனை, வரையறை ஆகிய சல்லடைகளை இது தாண்டிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2022 மே 5 அன்று இம்முறையில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2020–21இல் உலகில் 1.49 கோடி மிகை இறப்புகள். நாடுகள் அறிவித்தவை சுமார் 54 லட்சம். இந்தியாவுக்கு 47 லட்சம் என்று அது மதிப்பிட்டது. அரசின் கணக்கு 4.81 லட்சம்.

இந்திய அரசு மறுத்தது. அம்மறுப்பில் ஒரு பகுதி கவனிக்கத்தக்கது: முழு நாட்டுக்கும் மாதவாரித் தரவு கையில் இல்லாமல், பதினேழு மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களிலிருந்து கிடைத்தவற்றைக் கொண்டே மதிப்பீடு செய்யப்பட்டது. எதிர்பார்க்கும் எண்ணிக்கையை எப்படிக் கணிக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும் என்பதும் உண்மை. தரவு நிறைந்த ஜெர்மனிக்கே முதலில் தந்த எண்ணை அந்நிறுவனம் பின்னர் கணிசமாகக் குறைத்தது. ஆனால் இந்த மறுப்பு பாதி வழிதான் போகிறது. தரவு இல்லாமல் மாதிரிக் கணக்குப் போட்டார்கள் என்று குறைகூறும் அரசின் கையில்தான் பிறப்பு–இறப்புப் பதிவேடு இருந்தது. 2021ஆம் ஆண்டுக்கான குடிமைப் பதிவு அறிக்கை 2025 மே மாதத்தில்தான் வெளியானது. இங்கிலாந்தின் தேசியப் புள்ளியியல் அலுவலகமோ பெருந்தொற்றின் நடுவிலும் பதிவான இறப்புகளை வாரந்தோறும், வாரம் முடிந்த பதினொரு நாட்களில் வெளியிட்டுவந்தது. அங்கே ஐயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஐயுற்றவர் தானே எடுத்துச் சரிபார்க்க ஒரு பட்டியல் இருந்தது.

அப்படிப்பட்ட பட்டியல் நம்மிடமும் ஓரிடத்தில் இருந்தது. சென்னையின் இறப்புப் பதிவு பல ஆண்டுகளாக ஒழுங்காகப் பேணப்பட்டது. அதைக்கொண்டு, மாநிலப் பொதுச் சுகாதாரத்துறையைச் சேர்ந்தவர்களும் இணைந்து எழுதிய ஆய்வொன்று லான்செட் குழும இதழில் வெளியானது. 2020 மார்ச் முதல் 2021 ஜூன் வரை சென்னையில் ஏறத்தாழ 26,000 மிகை இறப்புகள் என்று அது கண்டது. செய்திக்குறிப்புகளின் கூட்டுத்தொகையைப் போல இது சுமார் மூன்று மடங்கு. ஓர் அரசுத்துறை தன் அறிவிப்பையே தன் பதிவேட்டால் திருத்திக்கொண்ட இந்த நிகழ்வு தலைப்புச் செய்தி ஆகவில்லை என்பதில் எனக்கு வருத்தமுண்டு.

2025இல் வந்த தேசிய அறிக்கையின்படி 2020இல் 81 லட்சமாக இருந்த பதிவான இறப்புகள் 2021இல் 1.02 கோடி ஆயின. ஓராண்டில் ஏறத்தாழ 21 லட்சம் கூடுதல். அந்த ஆண்டில் அரசு அறிவித்த கொரோனா இறப்புகள் சுமார் மூன்றேகால் லட்சம். கூடியதில் ஒரு பகுதி பதிவுப் பழக்கம் மேம்பட்டதாலும் மக்கள்தொகை வளர்ச்சியாலும் வந்திருக்கலாம். எவ்வளவு என்று பிரிப்பதற்கு ஒவ்வோர் இறப்பின் காரணமும் தெரிய வேண்டும். இந்தியாவில் பதிவாகும் இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளிப்பவை நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றவர்களுக்குப் பெயர், தேதி, ஊர் எல்லாம் பதிவேட்டில் இருக்கின்றன. காரணம் என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.